ஒலிக்குறிக்குப் பின் மூன்று விநாடி
வாசகர் கேள்வி பதில்

அமெரிக்காவில் வாழும் நம் வாசகர்களிடமிருந்து இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் தொலைபேசி பில்லைப் பற்றியவை. பேசுவதற்குத் தனிக் கட்டணம் வாங்கும் சேவைகள், பில்லில் நுழைந்துவிடும் புரியாத தொகைகள், அவற்றை மறுக்கும் வழி ஆகியவற்றைக் கேட்டு எழுதியிருக்கிறார்கள். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து, ஆறு கடிதங்களுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: எங்களோடு ஆறு மாதம் தங்கியிருக்க வந்த என் மாமியார், தொலைக்காட்சி விளம்பரம் ஒன்றில் ‘முதல் பலன் இலவசம்’ என்றிருந்ததைப் பார்த்துவிட்டு, அதில் கண்ட 800 எண்ணுக்கு வீட்டுத் தொலைபேசியிலிருந்து அழைத்திருக்கிறார். பதிவு செய்த குரல் ஒன்று ஏதோ ஒரு பொத்தானை அழுத்தச் சொன்னதாம். அழுத்தியதும் ஜோதிடர் ஒருவர் பேசினாராம். இந்த மாத பில்லின் ஐந்தாம் பக்கத்தில் 15 நிமிடங்களுக்கு 74.85 டாலர் என்று ஒரு வரி இருக்கிறது. “பேசியது நாம்தானே, கட்டிவிடுவதுதான் மரியாதை” என்கிறார் என் கணவர். மாமியாரோ அன்றிலிருந்து தொலைபேசியைத் தொடுவதே இல்லை. நாங்கள் என்ன செய்ய வேண்டும்? (வாசகி, நியூ ஜெர்சி)

பதில்: பணத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் உங்கள் மாமியாரிடம் ஒன்றைச் சொல்லிவிடுங்கள்: இதில் தவறு அவருடையது அன்று. விளம்பரத்தில் இலவசம் என்று போட்டிருந்ததை நம்பினார். கட்டணமில்லா எண் என்று நாடறிந்த ஓர் எண்ணை அழைத்தார். அந்த நம்பிக்கையைக் காப்பதற்காகத்தான் இங்கே ஒரு சட்டமே இயற்றப்பட்டது.

1980களில் 900 என்று தொடங்கும் எண்கள் அமெரிக்காவில் பெருகின. வானிலை, விளையாட்டுச் செய்தி, ஜோதிடம், பரிசுப் போட்டி என எதற்கும் ஒரு 900 எண் இருந்தது. அழைத்தவர்களின் கணக்கில் நிமிடத்துக்கு இவ்வளவு என்று தொகை ஏறி, அது தொலைபேசி பில்லோடு சேர்ந்து வந்தது. விலை சொல்லப்படாமலே ஏறிய தொகைகளைப் பற்றிப் புகார்கள் குவிந்ததால், 1992 அக்டோபரில் தொலைபேசி விவர வெளியீடு மற்றும் தகராறு தீர்வுச் சட்டம் வந்தது. அதன்கீழ் எஃப்.டி.சி. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் மத்திய வர்த்தக ஆணையம் வகுத்த விதிகள் 1993 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. விவரங்கள் பல பக்கங்களுக்கு நீண்டாலும் சட்டத்தின் அடிப்படை ஒன்றுதான்: விலையைச் சொல்லிவிட்டு, விலகிக்கொள்ள இடம் கொடுத்த பிறகுதான் கட்டணம் ஓடத் தொடங்கலாம்.

ஒரு 900 எண்ணை அழைத்தால் முதலில் கேட்க வேண்டியது ஓர் இலவச முன்னறிவிப்பு. சேவையை நடத்துபவர் யார், என்ன சேவை, என்ன விலை என்பவற்றை அது சொல்ல வேண்டும். 18 வயதுக்குட்பட்டவர் என்றால் பெற்றோரின் அனுமதி வேண்டும் என்பதையும் சொல்ல வேண்டும். பிறகு தெளிவான ஓர் ஒலிக்குறி. அந்த ஒலிக்குறிக்குப் பின் மூன்று விநாடிகள் கழித்தே கட்டணம் தொடங்கும் என்பதையும், அதற்குள் வைத்துவிட்டால் ஒரு காசும் இல்லை என்பதையும் முன்னறிவிப்பிலேயே சொல்லிவிட வேண்டும். மூன்று விநாடி என்பது மிகக் குறைவு என்று தோன்றலாம். ஆனால் காதிலிருந்து ரிசீவரை எடுத்து வைக்க அது போதும். மொத்தக் கட்டணமே 2 டாலருக்கு மேற்படாத அழைப்புகளுக்கு மட்டும் இந்த முன்னறிவிப்பிலிருந்து விலக்கு உண்டு.

உங்கள் வீட்டில் நடந்தது இதைவிடவும் மோசமானது. 800, 888, 877, 866, 855, 844, 833 ஆகியவை கட்டணமில்லா எண்கள். இவற்றை அழைத்த ஒரே காரணத்துக்காகத் தொகை வாங்குவதையும், அழைத்தவரைக் கட்டணச் சேவைக்கு மாற்றிவிடுவதையும் அந்தச் சட்டம் தடை செய்கிறது. கட்டணமில்லா எண் வழியாகச் சொல்லும் தகவலுக்குப் பணம் கேட்க வேண்டுமானால், முன்கூட்டியே விலையும் நிபந்தனைகளும் சொல்லி எழுத்தில் செய்துகொண்ட ஒப்பந்தம் இருக்க வேண்டும்; அல்லது அழைத்தவரே விவரம் அறிந்து தம் கிரெடிட் கார்டு போன்றவற்றின் மூலம் கட்டச் சம்மதித்திருக்க வேண்டும். பொத்தானை அழுத்தியது ஒப்பந்தம் ஆகாது. ஆகவே உங்கள் கணவருக்கு நான் சொல்வது: வாங்கிய பொருளுக்குப் பணம் கொடுப்பதுதான் மரியாதை, உண்மை, ஆனால் விலை சொல்லாமல் கையில் திணித்ததற்குப் பணம் கொடுப்பது மரியாதையில் சேராது.

இனிச் செய்ய வேண்டியது. நீங்கள் அனுப்பியிருந்த பில் நகலைப் பார்த்தேன். ஐந்தாம் பக்கத்தின் அடியில், சிறிய எழுத்தில், வேறொரு நிறுவனத்தின் பெயரும் ஒரு கட்டணமில்லா விசாரணை எண்ணும் இருக்கின்றன. இத்தகைய தொகைகளை உள்ளூர், வெளியூர் அழைப்புகளிலிருந்து பிரித்துக் காட்ட வேண்டும். நாள், நேரம், தொகை, நிமிடக் கணக்கு, சேவையின் தன்மை எல்லாம் இருக்க வேண்டும். உங்கள் பில்லில் சேவையின் தன்மை என்ற இடத்தில் ஒன்றுமே இல்லை. அதையும் உங்கள் கடிதத்தில் குறிப்பிடுங்கள்.

பிழையை முதலில் காட்டிய பில் அனுப்பப்பட்ட நாளிலிருந்து 60 நாட்களுக்குள் உங்கள் மறுப்பு போய்ச் சேர வேண்டும். மார்ச் 4 அன்று அனுப்பப்பட்ட பில் என்றால் மே 3 வரைதான் காலம். நாம் பில்லைப் பிரித்துப் பார்த்த நாள் கணக்கில் வராது. இந்த ஒரு விஷயத்தில் ஏமாந்தவர்களின் கடிதங்கள் எனக்குத் திரும்பத் திரும்ப வருவதால்தான் இத்தனை அழுத்திச் சொல்கிறேன். தொலைபேசியில் பேசுவதோடு நிறுத்தாமல், பில்லில் குறித்த முகவரிக்கு எழுத்திலும் அனுப்பி, நகல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். பெயர், தொலைபேசி எண், பிழை என்று கருதும் தொகை, அதன் தேதி, காரணம் ஆகிய ஐந்தும் இருந்தால் போதும். “கட்டணமில்லா எண்ணை அழைத்தோம், விலை எதுவும் சொல்லப்படவில்லை, எழுத்து ஒப்பந்தம் எதுவும் இல்லை, இந்த 74.85 டாலரை மறுக்கிறோம்” என்று நான்கு வரியில் எழுதிவிடலாம். மாமியாரின் உடல்நிலை, குடும்பச் சூழல் எதையும் அங்கே விளக்கத் தேவையில்லை.

அவர்கள் 40 நாட்களுக்குள் விஷயத்தை முடிக்காவிட்டால், உங்கள் கடிதம் கிடைத்ததை அந்தக் காலத்துக்குள் எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டு பில் சுழற்சிகளுக்குள், எப்படியும் 90 நாட்களைத் தாண்டாமல், ஒன்று பிழையைத் திருத்த வேண்டும், அல்லது விசாரித்துத் திருத்தாததற்குக் காரணம் சொல்ல வேண்டும். அதுவரை அந்தத் தொகையை வசூலிக்க முயலக் கூடாது. கட்டத் தவறியவர் என்று, கடன் வரலாற்றைப் பதிவு செய்யும் கிரெடிட் நிறுவனங்களுக்குத் தெரிவிக்கவும் கூடாது. விசாரித்ததற்கென்று உங்களிடம் கட்டணம் கேட்கவும் முடியாது. இந்த நடைமுறையை அவர்கள் மீறினால், மறுக்கப்பட்ட ஒவ்வொரு தொகையிலும் 50 டாலர் வரை வசூலிக்கும் உரிமையை இழக்கிறார்கள்.

இந்த இடைவெளியில் பில்லின் மற்ற தொகையை உரிய நாளில் கட்டிவிடுங்கள். மறுத்தது 74.85 டாலரை மட்டுமே. முழு பில்லையும் நிறுத்தி வைத்தால் தவறு நம் பக்கம் வந்துவிடும். அழைப்புக் கட்டணச் சேவைக்குப் பணம் கட்டவில்லை என்பதற்காக வீட்டு இணைப்பைத் துண்டிக்கக் கூடாது என்று அதே சட்டம் சொல்கிறது. அந்த வகை எண்களை மேற்கொண்டு அழைக்க முடியாதபடி அவர்கள் அடைக்கலாம். நமக்கு அதில் நஷ்டமில்லை.

ஜோதிடம் என்ற பெயரில் இப்படி நடப்பது புதிதன்று. 2002இல் எஃப்.டி.சி. தொடர்ந்த ஒரு வழக்கில், சைக்கிக் ரீடர்ஸ் நெட்வொர்க் என்ற நிறுவனமும் அதன் கூட்டு நிறுவனமும், இலவசப் பலன் என்று விளம்பரம் செய்து, அழைத்தவர்களை நிமிடத்துக்கு 4.99 டாலர் வாங்கும் 900 எண்ணுக்குத் திருப்பியதாகக் குற்றம் சாட்டப்பட்டன. முடிவில் ஏறத்தாழ 50 கோடி டாலர் பாக்கியை வசூலிக்காமல் விட்டுவிடவும், 50 லட்சம் டாலர் கட்டவும் அவை ஒப்புக்கொண்டன. அழைத்தவர்கள் எத்தனை பேர், எல்லாரும் என்ன நினைத்து அழைத்திருப்பார்கள் என்று யோசித்துப் பார்த்தால் உங்கள் மாமியாரின் மனம் ஆறும்.

கேள்வி: நள்ளிரவில் என் செல்பேசி ஒரே ஒரு முறை ஒலித்து நின்றுவிட்டது. 876 என்று தொடங்கும் எண். ஊரிலிருந்தோ இங்கிருக்கும் உறவினரிடமிருந்தோ அவசரமோ என்று பதறித் திருப்பி அழைத்தேன். நீண்ட நேரம் இசை ஓடியது, யாரும் பேசவில்லை. பில்லில் வெளிநாட்டு அழைப்பு என்று தொகை வந்திருக்கிறது. இதற்கும் மேலே சொன்ன சட்டம் பொருந்துமா? (வாசகர், டெக்சாஸ்)

பதில்: பொருந்தாது என்பதை வருத்தத்துடன் சொல்கிறேன். நீங்கள் அழைத்தது ஜமைக்காவை. அமெரிக்காவும் கனடாவும் கரீபியத் தீவுகள் பலவும் 1 என்ற ஒரே நாட்டுக் குறியீட்டைப் பகிர்ந்துகொள்வதால், வெளிநாட்டு அழைப்புக்கான 011 அழுத்தாமலே அங்கே அழைப்பு போய்விடுகிறது; பார்வைக்கு உள்ளூர் எண் போலவே இருக்கிறது. 876 ஜமைக்கா, 473 கிரெனடா, 284 பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகள், 268 ஆன்டிகுவா. 809, 829, 849 மூன்றும் டொமினிக்கன் குடியரசு. அந்த ஊர்களில் இருப்பவர்கள் எல்லாரும் மோசடிக்காரர்கள் என்று இதற்குப் பொருளில்லை. மோசடி செய்பவர்கள் இந்தக் குறியீடுகளுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறார்கள்; நீங்கள் எத்தனை நிமிடம் காத்திருக்கிறீர்களோ அந்த அளவுக்கு அழைப்புக் கட்டணத்தில் ஒரு பங்கு அவர்களுக்குப் போகிறது. இசை நீண்ட நேரம் ஓடியது அதனால்தான். மேற்கு ஆப்பிரிக்காவின் மொரிட்டானியாவுக்குரிய 222 என்ற குறியீட்டிலிருந்து இரவு நேரங்களில் இப்படி ஒற்றை மணி அழைப்புகள் வருவதைப் பற்றி, எஃப்.சி.சி. எனப்படும் மத்திய தகவல் தொடர்பு ஆணையம் 2019இல் எச்சரித்தது.

இந்த மோசடி நம்மவர்களை எளிதில் பிடித்துவிடுவதற்கு ஒரு காரணம் உண்டு. ‘மிஸ்டு கால் கொடு, நான் கூப்பிடுகிறேன்’ என்று சொல்லியே வளர்ந்தவர்கள் நாம். ஒரு மணி அடித்து நின்றால் அது நமக்கு ஒரு செய்தி. கை தானாகத் திருப்பி அழைக்கப் போகும். உறவினர் என்றால் மறுபடி அழைப்பார், அல்லது வாட்ஸ்அப்பில் ஒரு வரி எழுதுவார் என்று மனத்தைப் பழக்கிக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை.

உங்கள் பில்லைப் பொறுத்தவரை, உங்கள் செல்பேசி நிறுவனத்தை அழைத்து இது ஒற்றை மணி மோசடி என்று சொல்லித் தொகையைக் கழிக்கக் கேளுங்கள். அது அவர்களின் கடமை என்று வாதிட முடியாது. ஆனால் முதல் முறை என்றால் பெரும்பாலும் விட்டுக்கொடுக்கிறார்கள். வாட்ஸ்அப் வழியாகவே ஊருக்குப் பேசுபவர் என்றால், வெளிநாட்டு அழைப்பையே அடைத்துவிடும்படியும் கேட்கலாம்.

கேள்வி: என் செல்பேசி பில் தானாகவே வங்கியிலிருந்து கழிந்துவிடும். தற்செயலாகப் பில்லைத் திறந்து பார்த்தபோது, 14 மாதங்களாக மாதம் 9.99 டாலர் ஏதோ ஒரு டெக்ஸ்ட் சேவைக்குப் போயிருப்பது தெரிந்தது. நான் எதிலும் சேரவில்லை. (வாசகர், கலிஃபோர்னியா)

பதில்: 139.86 டாலர். இதை இங்கே ‘கிராமிங்’ என்கிறார்கள்: உங்கள் சம்மதம் இல்லாமல் பில்லுக்குள் தொகையைத் திணிப்பது. 9.99 என்ற தொகையும் தற்செயலன்று. குடும்பத் திட்டம் ஒன்றின் பெரிய பில்லில் அது கண்ணை உறுத்தாது. உறுத்தியிருந்தால் 14 மாதம் ஓடியிருக்காது.

ஏடி அண்ட் டி நிறுவனம் இது தொடர்பாக 2014 அக்டோபரில் 10.5 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. அதில் 8 கோடி வாடிக்கையாளர்களுக்குத் திருப்பித் தருவதற்கென்று ஒதுக்கப்பட்டது. டி-மொபைல், வெரைசன், ஸ்பிரின்ட் ஆகியவையும் 2015 மே மாதத்துக்குள் அதே வழிக்கு வந்தன. 2018இல் எஃப்.சி.சி., அனுமதியில்லாத தொகையைப் பில்லில் வைக்கக் கூடாது என்பதைத் தன் விதிகளிலேயே எழுதி வைத்தது. ஆகவே நீங்கள் கேட்பது சலுகை அன்று.

நிறுவனத்தில் கடைசி இரண்டு மாதங்களுக்கு மட்டும் திருப்பித் தருகிறோம் என்று முதலில் சொல்லக்கூடும். 14 மாதங்களின் பில்களையும் இறக்கி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரியையும் குறித்து, முழுத் தொகையையும் கேளுங்கள். நீங்கள் சம்மதித்ததற்கு என்ன பதிவு இருக்கிறது என்றும் எழுத்தில் கேளுங்கள். இந்தக் கேள்விக்குப் பதில் வராது என்பதே உங்கள் பலம். வெளி நிறுவனங்களின் தொகை பில்லில் ஏறாதபடி அடைக்கவும் சொல்லுங்கள். உங்கள் ஒப்பந்தத்தில் குறை சொல்வதற்கென்று ஒரு காலவரம்பு இருக்கக்கூடும் என்பதால், இன்றே தொடங்குங்கள்.

இதில் முடியாவிட்டால் எஃப்.சி.சி.யிடம் இணையத்திலோ 1-888-225-5322 என்ற எண்ணிலோ முறைசாராப் புகார் பதிவு செய்யலாம். கட்டணம் இல்லை, வழக்கறிஞர் தேவையில்லை. ஆணையம் அதை நிறுவனத்துக்கு அனுப்பினால், 30 நாட்களுக்குள் நிறுவனம் பதில் எழுதி உங்களுக்கும் நகல் தர வேண்டும். வாடிக்கையாளர் சேவையில் ஒரு மணி நேரம் இசை கேட்டுக் காத்திருந்தவர்களுக்கு, இந்தப் புகாருக்குப் பின் அந்த நிறுவனத்திலிருந்தே அழைப்பு வருவதைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: தொலைபேசி நிறுவனம் தொகையை நீக்கிவிட்டது. நிம்மதி என்று இருந்தேன். மூன்று மாதம் கழித்து ஒரு வசூல் ஏஜென்சியிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது. (வாசகி, இல்லினாய்)

பதில்: தொலைபேசி நிறுவனம் பில்லிலிருந்து நீக்குவது வேறு, சேவை நடத்தியவர் தன் உரிமையைக் கைவிடுவது வேறு. அவர் நேரடியாக உங்களிடம் கேட்க முயலலாம். ஆனால் வசூல் ஏஜென்சி நடுவில் வந்ததும் உங்களுக்குக் கடன் வசூல் நடைமுறைச் சட்டத்தின் பாதுகாப்பும் சேர்ந்துவிடுகிறது. அவர்களின் அறிவிப்பு கிடைத்த 30 நாட்களுக்குள் எழுத்தில் மறுத்தால், கடனுக்கான ஆதாரத்தை அனுப்பும்வரை அவர்கள் வசூல் முயற்சியை நிறுத்த வேண்டும். தொலைபேசி நிறுவனம் தொகையை நீக்கிய பில்லின் நகலையும் கடிதத்தோடு இணையுங்கள். ‘சிறிய தொகைதானே, கொடுத்துத் தொலைக்கலாம்’ என்று பாதி கட்டிவிடாதீர்கள். பாதி கட்டியவர் கடனை ஒப்புக்கொண்டவர் என்று பேசுவார்கள்.

கேள்வி: குடியேற்ற விண்ணப்பங்களைப் பற்றித் தொலைபேசி வழியாகத் தமிழில் விளக்கும் சேவை ஒன்றை, நிமிடக் கணக்கில் கட்டணம் வைத்துத் தொடங்க நினைக்கிறேன். விளம்பரத்தில் என்னென்ன இருக்க வேண்டும்? (வாசகர், ஜார்ஜியா)

பதில்: கேட்டுவிட்டுத் தொடங்குவதற்கு நன்றி. 900 எண் என்றால், அச்சு விளம்பரத்தில் விலை அந்த எண்ணுக்கு அருகிலேயே, எண்ணின் எழுத்தளவில் பாதிக்குக் குறையாமல் இருக்க வேண்டும். நிமிடத்துக்கு எவ்வளவு, குறைந்தபட்சத் தொகை உண்டா, பேச்சின் நீளம் முன்பே தெரியுமானால் மொத்தம் எவ்வளவு என்பதெல்லாம் வர வேண்டும். வேறொரு கட்டணச் சேவைக்கு மாற்றுவீர்கள் என்றால் அதன் விலையும் வர வேண்டும். உங்கள் பொருள் மத்திய அரசின் திட்டம் பற்றியது என்பதால், இந்தச் சேவை எந்த மத்திய அரசு அமைப்பாலும் அங்கீகரிக்கப்பட்டதன்று என்று விளம்பரத்திலும் முன்னறிவிப்பிலும் சொல்லியாக வேண்டும். கழுகுச் சின்னம், நட்சத்திர முத்திரை போன்றவற்றை வைத்து அரசு அலுவலகம் என்ற எண்ணத்தைத் தராதீர்கள். விசாவுக்காகக் காத்திருப்பவர் எதையும் நம்பும் மனநிலையில் இருப்பார்.

ஆனால் பெரிய தொலைபேசி நிறுவனங்கள் 900 எண்களுக்காகப் பில் போடுவதிலிருந்து ஒவ்வொன்றாக விலகிவிட்டன. நீங்கள் கார்டு வழியாகவே பணம் வாங்க நேரும் என்று நினைக்கிறேன். அப்போதும் பேச்சு தொடங்கும் முன்பே விலையைத் தமிழில், நிதானமாகச் சொல்லுங்கள். இன்னொன்று: சட்ட ஆலோசனை என்ற எல்லைக்குள் போக வழக்கறிஞர் தகுதி வேண்டும். விண்ணப்பப் படிவத்தை விளக்குவது எங்கே முடிகிறது, ஆலோசனை எங்கே தொடங்குகிறது என்பதை ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுக்கொண்டு தொடங்குங்கள்.

கேள்வி: பத்து வயது மகன் கையில் வீட்டுத் தொலைபேசி கிடைக்கிறது. கட்டண எண்களை அழைக்க முடியாமல் செய்ய வழி உண்டா? (வாசகி, மிச்சிகன்)

பதில்: உண்டு. உங்கள் தொலைபேசி நிறுவனத்திடம் 900 எண்களை அடைக்கச் சொல்லுங்கள். புதிய இணைப்பு வாங்கிய 60 நாட்களுக்குள் கேட்டால் கட்டணமில்லை. பிறகு கேட்டால் நியாயமான ஒரு தொகையை ஒருமுறை வாங்கலாம். அடைப்பை நீக்க வேண்டுமானால் எழுத்தில் கேட்க வேண்டும் என்பதால், உங்கள் மகன் போனில் பேசி அதை நீக்கிவிட முடியாது. 12 வயதுக்குட்பட்ட குழந்தைகளை நோக்கி இத்தகைய சேவைகளை விளம்பரம் செய்வதும், உண்மையான கல்விச் சேவை தவிர, விதிகளின்படி தடை செய்யப்பட்டிருக்கிறது. தானாக எண்ணை அழுத்திவிடும் ஒலிகளை விளம்பரத்தில் வைக்கக் கூடாது என்றும் ஒரு விதி உண்டு: ரிசீவரைத் தொலைக்காட்சியின் அருகில் பிடித்தாலே அழைப்பு போய்விடும்படி செய்யக் கூடாது என்பதற்காக. செல்பேசியில் கேம் வழியாகப் போகும் பணத்துக்கு இந்த அடைப்பு உதவாது. அதற்கு, வாங்கும்போதெல்லாம் கடவுச்சொல் கேட்கும்படி கருவியின் அமைப்புகளில் தனியாகக் குறித்துவிடுங்கள்.